பறவை வேட்டைத் துவக்கின் தெரிவு: கருவியும் நிலவுடைமையும் பற்றிய ஒரு நோக்கு

பறவைகளைச் சுடுவதற்கு எத்தகைய துவக்கைத் தெரிவு செய்தல் வேண்டும் என்ற வினா, தமிழாராய்ச்சி ஏடொன்றின் பக்கங்களில் எழுப்பப்படுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். கலப்பையைப் பற்றியும் தறியைப் பற்றியும் எழுதப்படும் ஆய்வுகளை ஏற்றுக்கொள்ளும் நாம், வேட்டைக் கருவியை மட்டும் பொழுதுபோக்குக்காரரின் கைநூல்களுக்கு விட்டுவிடுகிறோம். அக்கைநூல்களோ இதனைக் குழலின் நீளம், வாயின் அகலம், சன்னத்தின் பருமன் ஆகியவற்றோடு முடிந்துவிடும் ஒரு தொழில்நுட்ப வினாவாகவே கருதுகின்றன. மறுபுறத்தில், கருவி என்றதும் அது வர்க்க ஆதிக்கத்தின் சின்னம் என ஒரே வாக்கியத்திற் கூறிவிட்டு அப்பாற் செல்லும் போக்கொன்று முற்போக்காளரிடையே உண்டு. ஈயத்தின் அடர்த்தி எந்த வர்க்கத்தையும் சார்ந்ததன்று என்பதை இப்போக்கு மறந்துவிடுகிறது. நாம் இங்கு காட்ட முற்படுவது இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. துவக்கின் பௌதிகம் எல்லோருக்கும் பொதுவானது. ஆயின் அப்பௌதிகத்திடம் எந்த வினாவைக் கேட்பது என்பதை, பறவை யாருடைய நிலத்தில் நின்றது, அதனைப் பறக்கச் செய்தவர் யார் என்பனவே தீர்மானித்தன. இதனை விளக்குதற்கு இங்கிலாந்தின் வரலாற்றையே பிரதானமாக எடுத்துக்கொள்கிறோம். வேட்டைத் துவக்கின் இன்றைய வடிவமும் அதன் அளவைப் பெயர்களும் பெருமளவிற்கு அங்கேயே நிலைபெற்றன.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழகத்தார் 'துப்பாக்கி' என்பதை நாம் 'துவக்கு' என்கிறோம். குழலின் வாய்வழியாக மருந்தும் சன்னமும் இட்டுக் கோலால் இடித்து நிரப்பும் பழைய துவக்கை வன்னி மக்கள் 'இடியன்' என்று வழங்குவர். செய்கையையே பெயராக்கிய இச்சொல் ஆங்கிலத்திலுள்ள எந்தப் பெயரிலும் குறைந்ததன்று. 'சன்னம்' என்பதை இக்கட்டுரையில் ஒரு தோட்டாவினுள் நூற்றுக்கணக்கில் அடங்கும் சிறு குண்டுகளுக்கே பயன்படுத்துகிறோம். 'சொட்கன்' எனப்படும் துவக்கு அச்சன்னங்களை ஒரு கூட்டமாகச் செலுத்துவது. ஒற்றைக் குண்டைச் செலுத்தும் 'ரைபிள்' வேறு. பறக்கும் பறவைக்கு உரியது முன்னையதே.

முதலிற் கேட்கப்படும் வினா குழலின் அகலம் பற்றியது. 12 போர், 16 போர், 20 போர் என்னும் வழக்கு புதியவரைக் குழப்பும். எண் கூடக் குழல் ஒடுங்குவதே அதற்குக் காரணம். ஓர் இறாத்தல் ஈயத்தைச் சம நிறையுள்ள 12 உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஒன்று பொருந்தும் குழல் 12 போர் ஆகும். அதன் விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். 20 உருண்டைகளாக்கினால் உருண்டை சிறுக்கும், குழலும் சிறுக்கும், விட்டம் 15.6 மில்லிமீற்றர். '410' என்று வழங்கும் மிகச் சிறிய துவக்கு மட்டும் இக்கணக்கிற்குள் அடங்காது. அது அங்குலத்தின் ஆயிரத்தில் 410 பங்கு என்ற நேரடி அளவு. அகன்ற குழலின் சன்னம் அதிக விசையோடு செல்லும் என்று பலர் எண்ணுவர். அது பிழை. ஒரே பருமனுள்ள சன்னம் எக்குழலிலிருந்து வந்தாலும் அதன் வேகம் ஏறத்தாழ ஒன்றே. அகன்ற குழல் தருவது எண்ணிக்கையை. அதாவது கூட்டத்தின் நெருக்கத்தை. ஆங்கிலேயரின் வழமையான 12 போர்த் தோட்டா 30 கிராம் சன்னத்தைக் கொண்டது. 20 போர்த் துவக்கிற்கு 24 அல்லது 25 கிராம் பொருத்தமாகும்.

சன்னத்தின் பருமனுக்கும் எண்களே வழங்குகின்றன. இங்கும் எண் கூடச் சன்னம் சிறுக்கும். ஆங்கிலேய 6ஆம் இலக்கச் சன்னம் 2.6 மில்லிமீற்றர் விட்டமுடையது. ஓர் அவுன்ஸில் 270 அடங்கும். அமெரிக்க 6ஆம் இலக்கமோ சற்றுப் பெரியது. எனவே பெட்டியில் எழுதப்பட்ட இலக்கத்தை மட்டும் நம்பித் தோட்டா வாங்குதல் தவறு. உள்ளான் போன்ற சிறு பறவைக்கு 8ஆம் இலக்கம் போதும். அங்கு வேண்டப்படுவது நெருக்கமேயன்றித் தனிச் சன்னத்தின் பலமன்று. பெசன்ட் எனப்படும் காட்டுக்கோழிக்கு 5 அல்லது 6. வாத்தினத்துக்கு அதனினும் பெரியது வேண்டும்.

அடுத்தது 'சோக்' எனப்படும் வாய்க்குறுக்கம். குழலின் நுனியைச் சிறிது ஒடுக்கினால் சன்னக்கூட்டம் பரவுவது தாமதமாகும். நியூகாசில் நகரத்து டபிள்யூ. ஆர். பேப் 1866இல் இதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். 1870களில் பேர்மிங்காமின் டபிள்யூ. டபிள்யூ. கிறீனர் இதனைச் செம்மைப்படுத்திப் பரப்பினார். இதனை அளக்கும் முறை எளியது. 40 யார் (ஏறத்தாழ 36 மீற்றர்) தூரத்தில் 30 அங்குல விட்டமுள்ள வட்டத்தினுள் நூற்றுக்கு எத்தனை சன்னம் விழுகிறது என்று எண்ணுவர். குறுக்கமற்ற குழல் 40 வீதம், அரைக்குறுக்கம் 60 வீதம், முழுக்குறுக்கம் 70 வீதம் என்பன பொதுவான அளவுகள். 30 கிராம் தோட்டாவில் 6ஆம் இலக்கச் சன்னம் ஏறத்தாழ 285 இருக்கும். அவற்றுள் முதலாவது குழல் 115 அளவிலும் இரண்டாவது 170 அளவிலும் மூன்றாவது 200 அளவிலும் வட்டத்தினுள் இடும். முழுக்குறுக்கமே சிறந்தது என்ற முடிவிற்கு வந்துவிடலாகாது. 20 யாரில் எழும் பறவையை அது தவறவிடும். தவறாவிடின் உண்ணத்தகாதவாறு சிதைத்துவிடும்.

இனித்தான் எமது பொருளின் மையத்திற்கு வருகிறோம். இரட்டைக் குழற் துவக்கில் இரண்டு குழல்களுக்கும் ஒரே குறுக்கம் இருப்பது அரிது. வழமையில் முதலிற் சுடும் வலக்குழல் விரிந்தும், இரண்டாவதாகச் சுடும் இடக்குழல் ஒடுங்கியும் இருக்கும். ஏன்? துவக்கு வைத்திருப்பவன் நாயோடு நிலத்தில் நடக்கிறான். நாய் மோப்பம் பிடித்துக் கௌதாரியை எழுப்புகிறது. பறவை அவனிடமிருந்து விலகிப் பறக்கிறது. முதற் சூட்டின்போது அது அண்மையில் இருக்கும். தவறினால், இரண்டாவது சூட்டின்போது தொலைவிற் சென்றிருக்கும். ஆகவே முதலில் விரிவு, பின்னர் ஒடுக்கம். இவ்வரிசை நடந்து வேட்டையாடுபவனின் வரிசை.

ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயச் செல்வர்களிடையே நிலைபெற்ற 'துரத்து வேட்டை'யில் நிலைமை தலைகீழானது. அங்குச் சுடுபவர் நடப்பதில்லை. வழக்கமாக எட்டுப் பேர் வரிசையாக, தத்தமக்குக் குறித்த முளைகளுக்கருகில் நிற்பர். கூலிக்கு அமர்த்தப்பட்ட கிராமத்தார் தடிகளால் மரங்களையும் புதர்களையும் தட்டிக் காட்டைக் கலைத்துக்கொண்டு வருவர். பறவைகள் சுடுபவரை நோக்கி, தலைக்கு மேலாக, உயரத்தில் விரைந்து வரும். இங்கு முதற் சூடு தொலைவிற்குரியது. இரண்டாவது சூட்டிற்குள் பறவை நெருங்கிவிடும். முதலில் ஒடுக்கமும் பின்னர் விரிவுமே பொருந்தும். இரண்டு விசைகளைக் கொண்ட துவக்கு இன்றும் பலரால் விரும்பப்படுவதற்குக் காரணம், எக்குழலை முதலிற் சுடுவது என்பதைக் கணப்பொழுதில் மாற்றிக்கொள்ள அது இடமளிப்பதே. பறவையை எழுப்புவது சொந்த நாயா, கூலியாளின் தடியா என்ற வேறுபாடு, ஓர் உருக்குக் குழலின் நுனியில் மில்லிமீற்றரின் பத்திலொரு பங்குக் கணக்கில் பதிந்துகிடக்கிறது. சமூக உறவுகள் பொருள்களில் உறைந்துகிடக்கும் என்று மார்க்ஸியர் கூறுவதற்கு இதனிலும் துல்லியமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இவ்வேட்டையில் வரிசையில் நிற்கும் கனவான்களையே ஆங்கிலத்தில் 'துவக்குகள்' என்று அழைப்பது வழக்கு. கருவி மனிதனின் பெயரை ஏற்பதை நாம் அறிவோம். இங்கு மனிதன் கருவியின் பெயரை ஏற்றிருக்கிறான்.

துவக்கின் நிறை பற்றிய தெரிவையும் இவ்வாறே நோக்கலாம். துவக்கு, அது செலுத்தும் சன்னத்தின் நிறையைப் போல 96 மடங்கு இருத்தல் வேண்டும் என்பது கிறீனர் பெயரால் வழங்கும் விதி. 30 கிராமுக்கு ஏறத்தாழ 2.9 கிலோகிராம்; 25 கிராமுக்கு 2.4 கிலோகிராம். இதனிற் குறைந்தால் பின்னுதைப்பு தோளை வருத்தும். நாள் முழுவதும் உழவுநிலத்தில் நடப்பவனுக்கு அந்த அரைக் கிலோகிராம் பெரிய சுமை. ஆகையால் அவன் 20 போரைத் தெரிவு செய்வது நியாயமானது. முளையருகே நிற்பவனுக்குச் சுமையில்லை. மாறாக, சில நிமிடங்களில் பல தடவை சுடும் அவன் பின்னுதைப்பைக் குறைக்கக் கனத்த துவக்கையே நாடுவான். ஒரே கைவேலையில் ஒன்றையொன்று ஒத்த இரண்டு துவக்குகளை வாங்குதல் செல்வர் வழக்கம். ஒன்றைச் சுடும்போது மற்றதை நிரப்புவதற்கு ஓர் ஏவலாள் பின்னால் நிற்பான். எனவே 'சோடி' என்பது துவக்கின் எண்ணிக்கையை மட்டுமன்றி, ஆளின் எண்ணிக்கையையும் குறிக்கும். வெற்றுத் தோட்டாவைத் தானாக வெளியெறியும் பொறியும் இந்த அவசரத்திற்காகவே விலைகொடுத்து வாங்கப்பட்டது. நடந்து வேட்டையாடுபவன் தோட்டாவின் கூட்டை விரலால் இழுத்தெடுத்துச் சட்டைப்பையில் இட்டுக்கொள்வான். அதனால் அவன் இழப்பது ஒன்றுமில்லை.

குழலின் நீளம் பற்றி நீண்ட விவாதங்கள் உள. புகையெழுப்பும் கரிய மருந்து மெதுவாக எரிந்த காலத்தில் நீண்ட குழலுக்குப் பௌதிக நியாயம் இருந்தது. புகையற்ற மருந்து வந்தபின், 26 அங்குலத்திற்கும் 30 அங்குலத்திற்கும் இடையில் வேகத்தில் உள்ள வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. நீண்டது சீராக அசையும். குறுகியது புதரிடையே விரைந்து திரும்பும். அவ்வளவே.

ஆனால் தோட்பிடி பற்றிய விடயம் அத்துணை எளியதன்று. சொட்கன் குறிபார்த்துச் சுடப்படுவதன்று; சுட்டிச் சுடப்படுவது. பின்புறத்தில் குறிகாட்டி இல்லை. சுடுபவனின் கண்ணே அவ்விடத்தில் நிற்கிறது. எனவே தோட்பிடியின் நீளமும், அது குழலின் மட்டத்திலிருந்து இறங்கும் அளவும், பக்கமாக வளையும் அளவும் உடலுக்குப் பொருந்தாவிடில், கண் பிழையான இடத்தில் அமரும். சன்னம் பறவைக்கு மேலோ கீழோ செல்லும். கண்ணை மூடித் துவக்கைத் தோளில் ஏற்றி, பின் கண்ணைத் திறந்து, பார்வை குழலின் முதுகு வழியே நேராகச் செல்கிறதா என்று பார்ப்பதே கடையிற் செய்யத்தக்க எளிய சோதனை. விலையுயர்ந்த துவக்கு அதன் உடைமையாளனின் உடலுக்கு அளவெடுத்துச் செய்யப்படுகிறது. மலிந்த துவக்கு யாரோ ஒரு 'சராசரி மனிதனுக்கு'ச் செய்யப்படுகிறது. வாங்குபவன் தன் கழுத்தை அதற்கு ஏற்ப வளைக்கப் பழகுகிறான். எமது கருத்தில், பணம் குறைந்தவர் செதுக்கு வேலைக்கோ பெயருக்கோ ஒரு சதமும் செலவிடாது, ஒரு மரவேலைக்காரரைக் கொண்டு தோட்பிடியைத் திருத்துவதற்குச் செலவிடுதலே அறிவுடைமையாகும்.

இத்தெரிவுகள் எல்லாவற்றுக்கும் முந்திய வினாவொன்று உண்டு. சுடுவதற்கு உரிமை யாருக்கு? 1671ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் ஆண்டுக்கு 100 பவுண் வருமானந்தரும் சொந்த நிலமோ, 150 பவுண் பெறுமதியான நீண்டகாலக் குத்தகையோ, அல்லது உயர்குடிப் பிறப்போ உடையவருக்கே வேட்டை உரிமையை வழங்கியது. அக்காலத்தில் நாட்டுப்புறத் தொகுதிகளில் வாக்களிப்பதற்கு 40 சிலிங், அதாவது 2 பவுண் வருமானந்தரும் நிலம் போதும். பாராளுமன்ற உறுப்பினரைத் தெரிவு செய்வதற்கு வேண்டியதன் ஐம்பது மடங்கு உடைமை ஒரு கௌதாரியைச் சுடுவதற்கு வேண்டப்பட்டது! தகுதியற்றோர் துவக்கும் வேட்டைநாயும் வைத்திருத்தலையே அச்சட்டம் தடைசெய்தது. பிரபுக்களின் வேட்டைக் காவலர் வீடுகளிற் புகுந்து தேடிப் பறிக்கலாம் என்றும் விதித்தது. 1755இல் வேட்டைப் பறவையை விற்பதே குற்றமாக்கப்பட்டது. 1828ஆம் ஆண்டின் சட்டம், இரவில் ஆயுதத்தோடு கூட்டமாகச் செல்லும் கள்ளவேட்டைக்காரரைப் பதினான்கு ஆண்டுகள் வரை நாடு கடத்த வழிசெய்தது. புதரில் மறைத்துவைத்து, கம்பியில் கால் தட்டுப்பட வெடிக்கும் கட்டுத்துவக்குகள் 1827 வரையிற் சட்டத்திற்கு உட்பட்டவையாகவே இருந்தன. காட்டையும் வேட்டையையும் சுற்றி ஆங்கிலேயச் சட்டம் கட்டியெழுப்பிய பயங்கரத்தை, 1723ஆம் ஆண்டின் 'கறுப்புச் சட்டத்தை' மையமாகக் கொண்டு ஈ. பி. தொம்சன் 1975இல் வெளியிட்ட நூல் விரிவாக ஆராய்கிறது.

1831இல் உடைமைத் தகுதி நீக்கப்பட்டது. பணங்கட்டிச் சான்றிதழ் பெறும் எவரும் சுடலாம், பறவையை விற்கலாம். இது ஒரு முதலாளித்துவச் சீர்திருத்தம். பிறப்பின் இடத்தைப் பணம் எடுத்துக்கொண்டது. ஆனால் நிலத்தில் நிற்கும் பறவை மீதான உரிமை நிலத்தோடேயே நின்றது. குத்தகைப் பத்திரத்தில் அதனைப் பிரபு தனக்கென ஒதுக்கிக்கொண்டார். குத்தகை விவசாயி விதைத்த தானியத்தைத் தின்று கொழுத்த கௌதாரியை அவ்விவசாயி தொடலாகாது. 1880ஆம் ஆண்டின் சட்டம் அவனுக்குப் பறிக்கமுடியாத உரிமையொன்றைத் தந்தது: முயல்களைக் கொல்லும் உரிமை. பறவைகள் அதனுட் சேர்க்கப்படவில்லை. சட்டம் வகுத்தோர் எதனை விட்டுக்கொடுத்தனர், எதனை விட்டுக்கொடுத்திலர் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

பொறியியல் மாற்றங்கள் இப்பகைப்புலத்திலேயே நிகழ்ந்தன. சக்கிமுக்கிக்கல்லால் தீமூட்டும் பழைய துவக்கில், வெளியே தீப்பொறி தோன்றுவதற்கும் உள்ளே மருந்து வெடிப்பதற்கும் இடையில் ஒரு கணம் இருந்தது. ஒளியைக் கண்ட பறவை அக்கணத்திற் தப்பியது. ஸ்கொட்லாந்தின் பெல்ஹெல்வி ஊர்ப் பாதிரியாரும் வேட்டைப் பிரியருமான அலெக்சாந்தர் போர்சைத், தட்டினால் வெடிக்கும் இரசாயனப் பொருளைக் கொண்டு தீமூட்டும் முறைக்கு 1807இல் உரிமைப்பத்திரம் பெற்றார். பறவை தப்பாதிருக்கக் கண்ட இவ்வழி, பின்னர் உலகின் படைகள் எல்லாவற்றின் கைத்துவக்கையும் மாற்றியது. பொழுதுபோக்கைப் பொருளாதார வரலாற்றின் ஓரத்திற் தள்ளிவைப்போர் இதனைக் கவனிப்பது நன்று. அடுத்த மாற்றம் பிரான்சிலிருந்து வந்தது. லெபோஷோ என்பவர் 1830களில் ஆக்கிய, நடுவே மடிந்து குழலின் அடிப்புறமாகத் தோட்டா ஏற்கும் துவக்கு 1851ஆம் ஆண்டின் இலண்டன் மாபெரும் கண்காட்சியில் வைக்கப்பட்டது. இலண்டன் தொழிலாளர் விரைவில் அதனைப் பின்பற்றினர். இடியனை நிரப்ப ஆகும் நேரத்தில் இதனைப் பல தடவை சுடலாம். துரத்து வேட்டை பெருந்தொகைக் கொலையாக வளர இவ்விரைவு வேண்டியிருந்தது. அதன் எல்லையைக் காண 1913ஆம் ஆண்டு டிசம்பர் 18ஐப் பார்த்தாற் போதும்: ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரும் கூட்டத்தாரும் ஹோல் பார்ன் என்ற பண்ணையில் ஒரே நாளில் 3937 பெசன்ட்களை வீழ்த்தினர். அவை காட்டுப் பறவைகள் என்றும் சொல்வதற்கில்லை. கூலியாட்கள் முட்டைகளை அடைகாக்கச் செய்து, தீனியிட்டு வளர்த்து விட்டவை. இன்றும் பிரித்தானியாவில் ஆண்டுதோறும் பல கோடிப் பறவைகள் இவ்வாறே வளர்த்து விடப்படுகின்றன. உற்பத்தி செய்யப்பட்ட பறவையை 'இயற்கையோடு போராடும்' பாவனையோடு சுடுவதிலுள்ள முரண் வெளிப்படையானது.

கள்ளவேட்டைக்காரனின் தெரிவு வேறு அளவுகோல்களைக் கொண்டிருந்தது. இரண்டாக மடிந்து மேலங்கியினுள் ஒளியும் ஒற்றைக்குழல் 410, 'கள்ளவேட்டைத் துவக்கு' என்றே பெயர்பெற்றது. குழல் ஒடுங்கியது, சத்தம் சிறியது, எட்டும் தூரம் குறைவு. கிளையில் உறங்கும் பறவையை அடியில் நின்று சுடுபவனுக்கு 40 யார் எதற்கு? கைநூல்கள் இத்துவக்கைச் சிறுவரின் பயிற்சிக்கு உரியது என்று ஒதுக்கும். எனினும் தன் வினாவிற்கு அது தந்த விடை, பேர்டி நிறுவனத்தின் துவக்கு தன் வினாவிற்குத் தந்த விடையிலும் குறைந்ததன்று. றிச்சட் ஜெப்ரிஸ் 1878இல் வேட்டைக் காவலனைப் பற்றியும் 1879இல் கள்ளவேட்டைக்காரனைப் பற்றியும் அடுத்தடுத்து இரு நூல்களை எழுதியவர். ஒரே காட்டை இரு பக்கங்களிலிருந்தும் அறிந்த எழுத்தாளர் அவரைப்போல் ஆங்கிலத்தில் அதிகமில்லை.

இலக்கியத்தைத் தொட்டுவிட்டோமாதலால், இவ்வுண்மையை இன்னும் கூர்மையாகக் கண்ட ருசிய எழுத்தாளர் இருவரைக் குறிப்பிடாது செல்லுதல் இயலாது. அங்கும் நிலவுடைமையே பின்னணி. ஆயின் அது பண்ணையடிமை முறையோடு கூடியது. 1852இல் நூலுருவம் பெற்ற துர்க்கனேவின் வேட்டைக்காரன் குறிப்புகளில் யெர்மொலாய் என்னும் பண்ணையடிமை வருகிறான். மாதந்தோறும் காட்டுக்கோழியும் கௌதாரியும் இரண்டு சோடியளவில் எசமானின் சமையலறைக்குக் கொண்டுவந்து கொடுத்தல் அவன் கடமை. அதற்கு வேண்டிய மருந்தோ சன்னமோ அவனுக்குக் கொடுக்கப்படுவதில்லை. அவனும் தன் நாய்க்கு உணவிடுவதில்லை. இரண்டிற்கும் நியாயம் ஒன்றே என்று கதைசொல்லி சிரிக்காமற் சொல்கிறார். அவனுடைய துவக்கு சக்கிமுக்கிக்கல்லுடைய ஒற்றைக்குழல். அதன் பின்னுதைப்பால் அவனது வலக்கன்னம் எப்போதும் இடக்கன்னத்திலும் பருத்திருந்தது. தோட்பிடி உடலுக்குப் பொருந்தவேண்டும் என மேலே கூறினோம். இங்கு உடல் துவக்கிற்குப் பொருந்திவிட்டது. உழைப்பின் கருவி உழைப்பாளியின் உடலில் எழுதிச் செல்வதை, கோட்பாட்டுச் சொல் எதுவுமின்றி ஒரு கன்னத்திற் காட்டிவிடுகிறார் துர்க்கனேவ். அத்துவக்கால் அவன் குறிதவறாது சுட்டான் என்பதும் கதையில் உண்டு.

அதன்பின் கால் நூற்றாண்டு செல்கிறது. 1861இல் பண்ணையடிமை முறை ஒழிகிறது. தோல்ஸ்தோயின் 'அன்னா கரினினா'வில் ஒப்லோன்ஸ்கி உள்ளான் வேட்டைக்குப் புறப்படுகிறான். கந்தலான காற்சட்டை, உருக்குலைந்த தொப்பி. கையிலோ புதிய முறையிலமைந்த, மணிபோன்ற துவக்கு. புத்தாடை அணிந்து வந்த இளைஞன் வெஸ்லோவ்ஸ்கி, உண்மையான வேட்டைக் கனவானின் நாகரிகம் இதுவே என்பதை அப்போதுதான் அறிகிறான். வறுமையின் ஆடையை வேடமாக அணியக்கூடியவன் கருவியில் மட்டும் சமரசம் செய்வதில்லை. யெர்மொலாயின் கந்தல் வேடமன்று. இவ்வேட்டையின் இரவிலேயே, வைக்கோற் களஞ்சியத்திற் படுத்தவாறு, உழைப்பின்றி வரும் செல்வம் நியாயமானதா என்று லெவினும் ஒப்லோன்ஸ்கியும் வாதிடுகின்றனர். அவ்வாதம் முடிவின்றி நிற்கிறது. தோல்ஸ்தோயின் நேர்மை அது.

மீண்டும் இங்கிலாந்திற்கு வருவோம். துவக்கின் விலையைப் பற்றிப் பேசும்போது அதனைச் செய்தவரை மறத்தலாகாது. பேர்மிங்காமின் துவக்குச் சேரியில் குழல் துளைப்போன், பொறி அராவுவோன், மரம் பொருத்துவோன், செதுக்குவோன் எனத் தொழில் பலவாகப் பிரிந்து, சிறு பட்டறைகளிடையே பாகங்கள் கைமாறிச் சென்றன. அதே நகரமே அடிமை வாணிபக் காலத்தில் மேற்கு ஆபிரிக்காவிற்கு மலிந்த துவக்குகளை அனுப்பியது. விசைப்பொறியைக் கட்டமைக்கும் முறைகள் இரண்டு. அன்சன், டீலி இருவரும் வெஸ்ட்லி றிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் 1875இல் ஆக்கிய பெட்டிப்பொறி பாகங்கள் குறைந்தது, உறுதியானது, மலிவானது. பக்கத் தகடுகளில் அமையும் பக்கப்பொறி அழகானது, செதுக்குவதற்கு இடமுடையது, பன்மடங்கு விலையுடையது. பறவையின் பக்கத்தில் நின்று பார்த்தால் இரண்டிற்கும் வேறுபாடில்லை. இலண்டனின் பேர்டி நிறுவனத்துப் புதிய துவக்கொன்று இன்று ஓர் இலட்சம் பவுணைத் தாண்டும். ஸ்பெயினின் பாஸ்க் நகரமான எய்பாரின் தொழிலாளர் அதே இலண்டன் வடிவத்தை அவ்விலையின் சிறு பங்கிற்குச் செய்து விற்றனர். துருக்கியின் ஹூலு ஊரில் ஒரு கூட்டுறவுச் சங்கமே வேட்டைத் துவக்குகளைச் செய்கிறது. குழல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்த இயந்திர உற்பத்தித் துவக்குகளே இன்று சந்தையிற் பெரும்பான்மை. பழைய துவக்கு வாங்குவோர் குழலின் உட்சுவரில் பள்ளமோ துருவோ உண்டா, மடக்குமிடம் தளர்ந்துள்ளதா, இலண்டன் அல்லது பேர்மிங்காம் சோதனைச்சாலையின் முத்திரை உண்டா என்பவற்றைப் பார்த்தல் வேண்டும். சோதனைச்சாலை, வழமையிலும் மிகுந்த அழுத்தமுள்ள தோட்டாவைச் சுட்டுப் பார்த்தே முத்திரையிடுகிறது.

அண்மைக்காலத்தில் இத்தெரிவை முற்றாக மாற்றியிருப்பது ஈயத்தின் பிரச்சினை. நீர்ப்பறவைகள் இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்குவன. சேற்றில் வீழ்ந்துகிடக்கும் சன்னத்தையும் கல்லென்று விழுங்கி, ஈய நஞ்சேறி இறக்கின்றன. ஐக்கிய அமெரிக்கா 1991இலும் இங்கிலாந்து 1999இலும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயச் சன்னத்தைத் தடைசெய்தன. டென்மார்க் 1996இல் முற்றாகவே தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களுக்கான தடை 2023இல் நடைமுறைக்கு வந்தது. ஈயத் தோட்டாக்களைப் படிப்படியாக அகற்றப்போவதாகப் பிரித்தானிய அரசாங்கம் 2025இல் அறிவித்தது. பதிலாக வந்த உருக்குச் சன்னத்தின் அடர்த்தி ஏறத்தாழ 7.8, ஈயத்தினது 11.3. இலகுவான சன்னம் விரைவில் வேகமிழக்கும். எனவே இரண்டு இலக்கம் பெரிய சன்னத்தைப் பயன்படுத்தி, சுடும் தூரத்தையும் குறைத்துக்கொள்ளல் வேண்டும். உருக்கு நசுங்காததால் முழுக்குறுக்கமுள்ள குழலின் நுனியை அது சேதப்படுத்தலாம். வலுவான உருக்குத் தோட்டாக்களுக்கு அதற்கென்றே சோதித்து முத்திரையிடப்பட்ட துவக்கு வேண்டும். இன்று புதிதாக வாங்குவோர், மாற்றிப் பொருத்தத்தக்க குறுக்கங்களையுடைய, அத்தகைய முத்திரை பெற்ற 12 அல்லது 20 போர்த் துவக்கைத் தெரிவு செய்தலே தக்கது. நூறாண்டுப் பழமையான மெல்லிய குழலுடையோருக்கு எஞ்சியிருப்பது பிஸ்மத். அது உருக்கிலும் அடர்த்தியானது, ஈயத்தைப்போல மென்மையானது, பெரும்பாலான பழைய குழல்களுக்குத் தீங்கு செய்யாது. ஆனால் அதன் தோட்டா உருக்குத் தோட்டாவிலும் பன்மடங்கு விலை. பாட்டனாரின் சோடித் துவக்கை இனியும் சுடக்கூடியவர் அதனை வாங்குவர். பாட்டனாரிடமிருந்து பெட்டிப்பொறித் துவக்கொன்றை மட்டும் பெற்ற குத்தகை விவசாயி, அதனைச் சுவரில் மாட்டிவிட்டு, இயந்திரத்திற் செய்த துருக்கித் துவக்கொன்றைத் தேடிக் கடைக்குச் செல்வான்.